நீலாவதி எண்ணிய பதினான்காயிரம்

விருத்தாசலத்தில் நீலாவதி என்று சொல்லி விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். "அந்தம்மாவா? தங்கமான மனுசியாச்சே" என்பவர்கள் அவள் குடியிருக்கும் தெருக்காரர்கள். "அந்தம்மாவா? ஐயோ, ஆள வுடுங்க சாமி" என்பவர்கள் பீங்கான் பட்டறையில் அவளோடு வேலை பார்த்தவர்கள். இரண்டு கட்சிக்காரர்களும் பொய் சொல்லவில்லை.

செராமிக் டிப்ளமா முடித்த கையோடு, ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்து பதினெட்டு வருஷம் சூளையைக் கட்டி மேய்த்தவள் அவள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். பெரிய சட்டம் ஒன்றும் இல்லை, ஒரு சீட்டு. சூளைக்குள் போகிற ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒரு அட்டை தொங்கவேண்டும். எத்தனை உருப்படி அடுக்கியது, யார் அடுக்கியது, நன்றாகக் காய்ந்ததா, எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, எத்தனை உடைந்தது, அத்தனையும் அதில் இருக்கவேண்டும். ஒருநாள் முதலாளியின் மச்சான் அவசர ஆர்டர் என்று சீட்டே இல்லாமல் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீலாவதி சூளை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். "பொம்பளைக்கு இவ்ளோ திமிரு ஆவாது" என்றார் அவர். "ஆம்பளைக்கு இவ்ளோ அவசரமும் ஆவாது" என்றாள் இவள். அன்றைக்கே சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் புருஷன் மாயவன் மினிலாரி ஓட்டுகிறவர். கோபம் என்றால் என்னவென்று தெரியாத ஆள். வீட்டில் ஒருவருக்கு இருப்பதே போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ. பெண்டாட்டி பகல் பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பியதைப் பார்த்துவிட்டு, "சரி வுடு. மூணு மாசத்துல இன்னொரு எடத்துல போயி சண்ட போடாமயா இருக்கப் போற" என்றார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2008 ஐப்பசியில், கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன விதை ஆராய்ச்சி மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பட்டறை ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பழகியிருந்த தைரியத்தில் நீலாவதி போனாள். அங்கே நிலக்கடலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் சிவசங்கரி, முப்பத்தொரு வயதுப் பெண், இவளுடைய டிப்ளமா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு முன்னாடி டிகிரி படிச்ச மூணு பேரு வந்தாங்க. ஒருத்தரும் ரெண்டு மாசம் தாண்டல. ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யணும், போரடிக்கும்."

"மேடம், நான் பதினெட்டு வருசமா ஒரே ஃபியூஸ் கட்டைய எண்ணிக்கிட்டு இருந்தவ. எனக்கு என்னா போரு?"

சிவசங்கரிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மையத்தின் தலைவர் பேராசிரியர் கோதண்டபாணிக்குப் பிடிக்கவில்லை. அவர் சுத்தபத்தமான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் நான்காக மடித்த ஒரு காகிதம் இருக்கும், முகத்தில் மட்டும் சிரிப்பு இருக்காது. "சூளையில வேலை பார்த்தவங்களுக்கு ஜீன்ல என்னம்மா வேலை?" என்று நீலாவதியை வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஆறு மாசம் தற்காலிகம், வேலை திருப்தியாக இருந்தால் பங்குனியில் நிரந்தரம் என்று முடிவானது. நீலாவதிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இந்த வேலையை எப்படியும் பிடித்துக்கொள்வது என்று அன்றைக்கே மனதில் முடிந்துகொண்டாள்.

வேலை இதுதான். நிலக்கடலைச் செடியில் துரு நோய் வந்தால் இலையின் அடிப்பக்கமெல்லாம் செம்புள்ளி விழுந்து கருகிப்போகும். சில ரகம் மட்டும் அதை அலட்சியமாகத் தாங்கி நிற்கும். தாங்குகிற செடி, தாங்காத செடி இரண்டின் இலையையும் எடுத்து, நோய் தாக்கும் நேரத்தில் எந்தெந்த ஜீன் விழித்துக்கொண்டு வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். அந்த ஜீன்களின் எழுத்து வரிசைகளை ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி படித்துக் குறுந்தகட்டில் அனுப்பியிருந்தது. மாதிரி வைக்கிற குழித்தட்டு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு வரிசை, மொத்தம் நூறு தட்டு. முதல் ஐம்பது தட்டு தாங்குகிற செடி, அடுத்த ஐம்பது தாங்காத செடி.

"தகட்டுல இருக்கறது வெறும் மேடு பள்ளம் மாதிரி கோடு. அத எழுத்தாப் படிக்கணும். ஓரத்துல இருக்கற குப்பைய வெட்டணும். ஒண்ணோட ஒண்ணு பொருந்தறத ஒட்டணும். அப்புறம் உலகத்துல இருக்கற மத்த ஜீனோட ஒப்பிடணும். கடைசியா எது எத்தனைன்னு எண்ணணும்" என்று சிவசங்கரி விளக்கினாள்.

"பெசையறது, வார்க்கறது, காய வெக்கறது, சுடறது, மெருகு போடறது. அவ்ளோதானே மேடம்?" என்றாள் நீலாவதி.

சிவசங்கரி சிரித்துவிட்டு, கோதண்டபாணியிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் எழுதிவைத்திருந்த கம்ப்யூட்டர் நிரலைக் காட்டினாள். ஒரே ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், முதல் தட்டில் ஆரம்பித்து நூறாவது தட்டுவரை தானாக ஓடும். இரண்டு பகல் பிடிக்கும்.

இரண்டு பகல் கரண்ட் இருந்தால்! ஊருக்கெல்லாம் ஃபியூஸ் கட்டை செய்து அனுப்புகிற ஊரில் அந்த வருஷம் கரண்ட் நிலைத்து நின்று பார்த்தவர் கிடையாது. அறிவித்த நேரத்தில் ஒருமுறை போகும், அறிவிக்காமல் இரண்டுமுறை போகும். மையத்தின் யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கேட்டால் "எழுதிப் போட்டிருக்கு" என்பார்கள்.

ஒரு வாரத்தில் ஐந்து தடவை ஓட்டம் பாதியில் நின்றது. ஐந்து தடவையும் கரண்ட் வந்தவுடன் நீலாவதி அதே கட்டளையை மறுபடி தட்டினாள். இதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. சூளைக்காரர்கள் யாருக்கும் எழுந்திருக்காது. சூளையில் பாதி வெந்துகொண்டிருக்கும்போது நெருப்பு நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? சாமானை வெளியே எடுத்துக் கொட்டவா செய்வார்கள்? உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும் என்று மறுபடி சூடேற்றுவார்கள். அரை வேக்காடு முழு வேக்காடு ஆகும். அவ்வளவுதான். ஆறாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்தது, கரண்ட் மனசு வைத்துக் கடைசிவரை ஓடி முடிந்தது.

முடிவைப் பார்த்த சிவசங்கரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஒரு ஜீன், தாங்குகிற செடியில் நாற்பத்தாறு முறை வந்திருந்தது. தாங்காத செடியில் வெறும் ஒன்பது. "அக்கா! இதுதான் அக்கா, இதுதான்!" என்று நீலாவதியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிற்பகலில் மையம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார்கள். கோதண்டபாணிகூட அரை ஜாங்கிரி எடுத்துக்கொண்டு, "பரவாயில்லையே" என்றார். வெள்ளிக்கிழமை டிரஸ்ட்காரர்கள் கூடுகிறார்கள், அவர்கள் முன்னால் சிவசங்கரி பேசவேண்டும் என்று ஏற்பாடானது. "அன்னைக்கே உங்க நிரந்தரத்தையும் எடுத்து வெச்சிடலாம் அக்கா" என்றாள் சிவசங்கரி.

நீலாவதி காற்றில் மிதந்தபடி தன் மேசைக்கு வந்தாள். ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது, யாரும் சொல்லாமல் அவளாகவே செய்கிற வேலை. வெளியே வந்ததை எண்ணி எழுதிவைக்கவேண்டும். உள்ளே போனது ஒன்பதாயிரத்து அறுநூறு. வெளியே வந்தது எத்தனை என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னாள்.

பதினான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி எண்ணச் சொன்னாள். அதே எண். சூளைக்குள் ஆயிரம் கட்டை போனால் தொள்ளாயிரத்து எழுபது வரும், தொள்ளாயிரத்து எண்பது வரும். கெட்ட நாளாக இருந்தால் எண்ணூறு வரும். ஆயிரம் உள்ளே போய் ஆயிரத்து ஐந்நூறு வெளியே வந்ததாக விருத்தாசலத்தில் எந்தச் சூளையும் கண்டதில்லை. அதுவும் குப்பையை வெட்டி, உதவாததைக் கழித்துப் போட்ட பிறகு!

பட்டியலைத் திறந்து மேலிருந்து பெயர் பெயராகப் பார்த்தாள். முதல் தட்டின் முதல் வரிசை அங்கே இருந்தது. கொஞ்சம் கீழே போனால் அதே வரிசை மறுபடியும். இன்னும் கீழே, மறுபடியும். மொத்தம் ஆறு இடத்தில். விஷயம் புரிந்துவிட்டது. அந்த நிரல் ஒவ்வொரு முறையும் முதல் தட்டிலிருந்து ஆரம்பித்து, பழைய பட்டியலை அழிக்காமல் அதன் வாலிலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ஐந்து முறை நின்றது, ஆறு முறை ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த தட்டுகள் எல்லாம் தாங்குகிற செடியின் தட்டுகள். அவைதான் திரும்பத் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதை ஒருமுறைதான் என்று வைத்து, அந்த நாற்பத்தாறைத் தானே எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

பதினொன்றுக்கு ஒன்பது. ஒரு வித்தியாசமும் இல்லை. ஜாங்கிரி வாசம் இன்னும் கையில் இருந்தது.

அன்று வீட்டில் மாயவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, குழம்பில் உப்பே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். நீலாவதி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"யாருக்கும் தெரியாதா?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமே."

"வாய மூடிக்கிட்டு இருந்தா?"

"வேல நிக்கும். வெள்ளிக்கெழம நிரந்தரம் ஆயிடும். சொன்னா அந்தக் கெழவரு அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

மாயவன் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன் நீலா, கல்யாணமாயி பத்தொம்பது வருசத்துல நீ வாய மூடிக்கிட்டு இருந்து நான் ஒருநாளும் பாத்ததில்ல. புதுசா இப்ப என்னாத்துக்குப் பழகிக்கிட்டு?"

நீலாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் அழுதாள் என்பதுதான் உண்மை. தப்பு தன் கையால் நடந்தது என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்தவன் தப்பு என்றால் சண்டை போடலாம், தன் தப்போடு யார் சண்டை போடுவது?

மறுநாள் காலை சிவசங்கரி மின்விசிறியைப் போட்டு உட்காருவதற்குள் நீலாவதி போய் நின்றாள். பட்டியலைக் காட்டினாள், எண்ணைக் காட்டினாள், எத்தனை முறை எந்தெந்தத் தேதியில் கரண்ட் போனது என்று எழுதிவைத்ததைக் காட்டினாள். "என் தப்புதான் மேடம். அர வேக்காட்ட மறுபடி உள்ள வெச்சிட்டேன்" என்றாள். சிவசங்கரி பட்டியலை வாங்கி வரிவரியாகப் பார்த்தாள். முகம் சின்னதாகிப் போயிற்று. "நல்லவேளை, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சொன்னீங்க" என்று மெல்லச் சொன்னாள்.

கோதண்டபாணிக்கு இந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. "நான் அப்பவே சொன்னேன்" என்றார். இந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்காகவே சிலர் பிறவி எடுத்து வருகிறார்கள். கூட்டத்தை மூன்று வாரம் தள்ளிவைத்தார். நீலாவதி மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்.

"சார், எனக்குப் பத்து நாள் குடுங்க" என்றாள் நீலாவதி. "கரண்டு எப்ப போனாலும், எத்தினி வாட்டி போனாலும், எண்ணிக்க மாறாம ஓட்டிக் காட்டறேன். ஒண்ணு கூடினாலும் சரி, ஒண்ணு கொறஞ்சாலும் சரி, நானே போயிடறேன்."

"சொல்றது சுலபம்."

"நீங்களே வந்து சோதிச்சிப் பாருங்க சார்."

அந்தப் பத்து நாளும் நீலாவதி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். லினக்ஸோடு இலவசமாக வரும் மேக் என்ற பழைய கருவி ஒன்றைச் சிவசங்கரி காட்டிக் கொடுத்தாள். புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலையை ஆரம்பிக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டால், முடிந்ததைத் தொடாமல் முடியாததை மட்டும் செய்யும். நீலாவதி அந்தக் கையேட்டை அச்செடுத்து, பஸ்ஸில் படித்தாள், அடுப்படியில் படித்தாள், மாயவனின் மினிலாரியில் உட்கார்ந்து படித்தாள்.

படிக்கப் படிக்கத்தான் தன் தப்பு எங்கே என்று அவளுக்கு உறைத்தது. சுட்ட சாமானுக்கு உள்ள நியாயம் வேறு, பச்சை மண்ணுக்கு உள்ள நியாயம் வேறு. வார்த்த கட்டை சூளைக்குப் போகுமுன் கோணிக்கொண்டால் யாரும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதில்லை. தூக்கித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டுப் புதிதாக வார்ப்பார்கள். மண் ஒன்றும் வீணாவதில்லை. கம்ப்யூட்டரில் இருப்பது எல்லாமே பச்சை மண். மூலத் தகடு பத்திரமாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் கரைக்கலாம். இதைப் போய் நாம் சூளைக்குள் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எழுதினாள். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனிக் கோப்பு. வேலை நடக்கும்போது அதற்குத் தற்காலிகப் பெயர், முழுசாக முடிந்து, உள்ளே போனதைவிட வெளியே வந்தது கூடவில்லை என்று பார்த்த பிறகுதான் நிஜப் பெயர். நடுவில் கரண்ட் போனால் தற்காலிகப் பெயரோடு கிடப்பதை ஈவிரக்கம் இல்லாமல் அழித்துவிட்டு, அந்த ஒரு தட்டை மட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எது எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, எத்தனை போய் எத்தனை வந்தது என்று ஒரு சீட்டும் தானாக எழுதிக்கொள்ளும்.

பதினோராவது நாள் காலை கோதண்டபாணி வந்தார். முந்தின நாள் சிவசங்கரி பத்துத் தட்டை மட்டும், கரண்ட் போகாத நேரத்தில், ஒரே மூச்சில் ஓட்டி, கடைசியில் வந்த எண்ணை நீலாவதிக்குக் காட்டாமல் அவரிடம் கொடுத்திருந்தாள். அது அவர் சட்டைப்பைக் காகிதத்தில் இருந்தது. இப்போது அதே பத்துத் தட்டைப் புதிதாக ஓட்டவேண்டும். கோதண்டபாணி ஒரு நாற்காலியை இழுத்து, மின்பிளக் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

ஓட்டம் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், குனிந்து பிளக்கை ஒரே இழுப்பாக இழுத்தார். திரை இருண்டது. "ஆரம்பிங்க" என்றார். நீலாவதி ஆரம்பித்தாள். மூன்று தட்டு முடிந்திருந்தது, நான்காவதை அழித்துவிட்டு அதிலிருந்து தொடர்ந்தது. அடுத்தது, ஒட்டுகிற வேலை பாதியில் இருக்கும்போது இழுத்தார். அதற்குப் பிறகு மனிதருக்கு ருசி கண்டுவிட்டது. காபி குடித்துக்கொண்டே ஒருமுறை. போனில் பேசிக்கொண்டே ஒருமுறை. மெஷின் எழுந்து கண் திறப்பதற்குள் ஒருமுறை. "சார், இது அநியாயம், மெஷினே செத்துரும்" என்று சிவசங்கரி சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள். போதாக்குறைக்கு, அவர் பிளக்கைத் தேடிக் குனிந்த நேரம் பார்த்து நிஜமாகவே கரண்ட் போயிற்று. "அது நான் இல்ல" என்றார் கோதண்டபாணி. நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உள்ளங்கை வேர்த்து, முந்தானையில் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துபோயிற்று.

மதியம் ஒரு மணிக்கு ஓட்டம் முடிந்தது. உள்ளே தொள்ளாயிரத்து அறுபது. கழித்தது போக எண்ணூற்று எண்பத்து மூன்று. ஒட்டிய பிறகு ஐந்நூற்றுப் பதினான்கு குவியல். கோதண்டபாணி காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். அதில் 514 என்று எழுதியிருந்தது. சிவசங்கரி நீலாவதியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

நூறு தட்டும் ஓடி முடிய ஆறு நாள் ஆயிற்று. நடுவில் பதினொரு முறை கரண்ட் போனது, யாரும் கவலைப்படவில்லை. ஜாங்கிரி வாங்கித் தந்த ஜீன் பதினொன்றுக்கு ஒன்பது என்று சாதுவாக ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக, இதுவரை யாரும் கவனிக்காத வேறொன்று, பதினேழுக்கு இரண்டு என்று தலையை நீட்டியது. டிரஸ்ட்காரர்கள் கூட்டத்தில் சிவசங்கரி முதலில் செய்த தப்பையும் சொன்னாள், திருத்தியதையும் சொன்னாள். பதினேழு என்பது சின்ன எண்தான், இன்னும் செடியில் வைத்துச் சோதிக்கவேண்டும் என்றும் சொன்னாள். அவர்கள் யுபிஎஸ் பேட்டரி வாங்க உத்தரவு போட்டுவிட்டுப் போனார்கள்.

நீலாவதியின் வேலையைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. மாதக் கடைசி நாள் அவள் தன் டிபன் டப்பா, கம்ப்யூட்டர் அறைக்குள் போடும் செருப்பு, மேக் கையேடு எல்லாவற்றையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது கோதண்டபாணி அவள் அறைக்கு வந்தார். இதுவரை அவர் அவளைத் தேடி வந்தது கிடையாது, பியூனை விட்டுக் கூப்பிடுவதுதான் வழக்கம். கையில் ஒரு உறை இருந்தது. நீலாவதி எழுந்து நின்றாள். சரி, வந்துவிட்டது என்று நினைத்தாள்.

உறைக்குள் நிரந்தர உத்தரவு இருந்தது. அதில் ஆபரேட்டர் என்றுகூட இல்லை, டெக்னிகல் அசிஸ்டென்ட் என்று இருந்தது. நீலாவதி இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்ல நிமிர்ந்தால், மனிதர் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல மேசை விளிம்பைத் தடவினார். பிறகு தன் தோள்பைக்குள்ளிருந்து குறுந்தகடு ஒன்றை எடுத்தார்.

"இது மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சதும்மா. அதே நிரல்லதான் ஓட்டினோம். ரெண்டு கட்டுரை வந்திருக்கு, என் பேர்ல." குரல் தணிந்தது. "அப்பவும் கரண்டு போய்ப் போய்த்தான் வந்துது. நான் எண்ணிப் பார்க்கலை."

நீலாவதி தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எண்ணிக்கை குறைஞ்சுதுன்னா?" என்றார் அவர்.

"கொறையும் சார்" என்றாள் நீலாவதி. பொய் சொல்ல அவளுக்கு வராது. பிறகு பையிலிருந்த செருப்பை எடுத்து மேசைக்கடியில் பழைய இடத்தில் போட்டுவிட்டு, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கும் கொறஞ்சிது. ஒருநாள் அழுதேன், மறுநாளு சரியாயிடுச்சி. உக்காருங்க சார், ரெண்டு பேருமா எண்ணுவோம்."